காரைத் தாழ்த்துமுன் கணக்குப் பாருங்கள்

பந்தயக் காரைப் படத்திலாவது பார்த்திராதவர் இக்காலத்தில் இல்லை. அது தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும் தோற்றமே ஒரு தனி அழகு. பாயப் போகும் புலி முதலில் பதுங்குகிறதல்லவா? அந்தப் பதுங்கல் இந்த வண்டியிடமும் இருக்கிறது. இதைக் கண்டு மயங்காத வாலிப உள்ளம் அபூர்வம். ஆகவேதான் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய இளைஞர்களில் அநேகர், அதை இரண்டு விரற்கடையாவது கீழே இறக்கிவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறார்கள்.

கேட்பதற்கு எளிய காரியமாகத்தான் தோன்றுகிறது. குட்டையான ஸ்பிரிங்குகள் நான்கு வாங்கி, பழையவற்றைக் கழற்றிவிட்டு மாட்டினால் தீர்ந்தது. மாலைக்குள் வண்டி பதுங்கிவிடும். ஆனால் மறுநாள் காலையில் சாலையிலுள்ள முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் ‘டமார்’ என்று ஒரு சப்தம் கேட்கிறது. வளைவில் திரும்பும்போது, அதுவரை சாதுவாக இருந்த வண்டி திடீரென்று பிடி நழுவுகிறது. சில மாதங்களில் ஷாக் அப்ஸார்பரிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்குகிறது. அழகுக்காகச் செய்த செலவு அபாயத்துக்குச் செய்த செலவாக முடிகிறது.

சீமை இளைஞர்களின் விளையாட்டில் நமக்கென்ன சிரத்தை என்று நேயர்கள் கேட்கலாம். எடை, வில், வேகம் ஆகிய மூன்றையும் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு எவ்வளவு தூரம் வாழ்க்கையோடு ஒட்டியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். அன்றியும், முதல் சம்பளத்தை மோட்டார் வண்டியில் போடும் புதல்வர்கள் எந்த ஊரில் இல்லை?

விஷயத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை எவ்வளவு தாழ்த்துகிறோமோ, அவ்வளவு இடத்தைச் சக்கரத்தினிடமிருந்து பறிக்கிறோம். பறித்ததை வில்லின் விறைப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விறைத்த வில்லை அடக்குவதற்குத் தக்க ஷாக் அப்ஸார்பர் வேண்டும். இந்த மூன்றும் ஒரே கணக்கின் மூன்று வரிகள். ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு எழுந்திருப்பவனுக்கு விடை தவறாகத்தான் வரும்.

வில்லும் ஷாக்கும்

நம் முன்னோர் கட்டை வண்டியிலிருந்து வில்வண்டிக்கு மாறியபோது அடைந்த சுகம் யாவரும் அறிந்தது. மோட்டார் வண்டியிலும் வேலை அதேதான். பட்டைவில்லுக்குப் பதிலாகச் சுருள்வில் இருக்கிறது. விசைக்குத் தக்கபடி வில் அமுங்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1678-ஆம் வருஷத்தில் விளக்கி வெளியிட்டார். இன்றளவும் கார் வில்லை விலை பேசுகிறவர்கள் அந்த விதியைத்தான் பேசுகிறார்கள். ‘மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ’ என்று ஜப்பானியக் கடைக்காரர் சொல்லும் எண்ணும், ‘அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு’ என்று அமெரிக்கக் கடைக்காரர் சொல்லும் எண்ணும் வில்லின் விறைப்பைக் குறிப்பவையே. முதல் எண்ணை 56-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டாவது எண் கிடைக்கும்.

ஷாக் அப்ஸார்பர் என்பது பெயரளவில் ஒரு பொய். அதிர்ச்சியை வாங்குவது வில். அதிர்ச்சியை வாங்கிய வில் ஓயாமல் ஆடாதபடி தடுப்பதுதான் ஷாக் அப்ஸார்பரின் வேலை. ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டால் அது தானாக ஓயும் வரையில் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் பலகையைத் தண்ணீரில் இழுபடும்படி வைத்தால் இரண்டு ஆட்டத்தில் நின்றுவிடும். தண்ணீர் செய்யும் இந்தக் காரியத்தை, ஒரு குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய் செய்கிறது. பிஸ்டனிலுள்ள சிறு துவாரங்கள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாயும்போது ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறி வெளியேறுகிறது. நம் மெக்கானிக்குகள் சுருக்கமாக ‘ஷாக்’ என்பார்கள்; நாமும் அப்படியே சொல்லுவோம்.

உதாரணத்துக்கு ஒரு வண்டி

ஜப்பானிய மஸ்டா கம்பெனியின் ‘எம்.எக்ஸ்.-5’ என்ற இரண்டு ஆசன வண்டியை எடுத்துக்கொள்வோம். 1989-ஆம் வருஷம் பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இது வெளியாயிற்று. அமெரிக்கர்கள் இதை ‘மியாட்டா’ என்று அழைக்கிறார்கள். 2016-ஆம் வருஷத்தில் பத்து லட்சமாவது வண்டி தயாராயிற்று. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாகிவிட வேண்டும் என்ற ஜப்பானியக் கருத்தைக் கொண்டு இதை அமைத்ததாக அதன் கர்த்தாக்கள் சொல்லுவார்கள். முதல் தலைமுறை வண்டியின் எடை சுமார் 950 கிலோதான். நான்கு சக்கரங்களையும் மேலொன்று கீழொன்றாக இரட்டைக் கைகள் தாங்குகின்றன. விலை குறைந்தது, எளிதாகப் பிரிக்கக் கூடியது. ஆகையால் தாழ்த்துகிறவர்களுக்கு இது செல்லப் பிள்ளை. ஆனால் இந்தச் செல்லப் பிள்ளையிடம் ஒரு குறை உண்டு. சக்கரம் மேலே ஏறுவதற்கு உள்ள இடம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே குறைவு.

கணக்கு எளிதாவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம். இருவர் ஏறியபின் வண்டியின் எடை 1,100 கிலோ. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே வில் தாங்கும் பாரம் 250 கிலோ. சக்கரத்தினிடத்தில் அளந்தால் விறைப்பு மில்லிமீட்டருக்கு 2 கிலோ. சக்கரம் மேலே ஏறுவதற்குள்ள இடம் 75 மில்லிமீட்டர். அப்படியானால் வண்டி சும்மா நிற்கும்போதே வில் 125 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். இத்தனை அமுங்கிய வில்லின்மேல் வண்டி ஆடினால் நிமிஷத்துக்குச் சுமார் 85 தடவை ஆடும். நிமிஷத்துக்கு 60 முதல் 90 வரையுள்ள ஆட்டம் உடம்புக்கு இதமானது. அதற்குமேல் போகப் போக வண்டி உலுக்கத் தொடங்கும்.

வரவு எவ்வளவு?

தாழ்த்துவதால் லாபமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு பாரம் மாறும் என்பது எடை நடுவின் உயரத்தைப் பொறுத்தது. அந்த உயரம் 480 மில்லிமீட்டர், சக்கரங்களுக்கிடையே அகலம் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வேகமான ஒரு வளைவில் சுமார் 302 கிலோ பாரம் வெளிப்பக்கம் போய்ச் சேரும். வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் அது 283 கிலோவாகக் குறையும். அதாவது நூற்றுக்கு ஆறு பங்கு லாபம். பந்தயத்தில் விநாடியின் பின்னத்துக்காகப் போராடுகிறவனுக்கு இது பெரிய செல்வம். கடைவீதிக்குப் போய் வருகிறவனுக்கு இது தெரியக்கூட மாட்டாது.

செலவு எவ்வளவு?

இனிச் செலவைப் பார்ப்போம். 75 மில்லிமீட்டர் இடத்தில் 30 போய்விட்டால் மீதி 45. சாலையிலிருந்து வரும் குத்தின் வேகம் மட்டும் குறைவதில்லை. முன்னே 75 மில்லிமீட்டரில் விழுங்கிய அதே சக்தியை இப்போது 45 மில்லிமீட்டரில் விழுங்கியாக வேண்டும். வில் விழுங்கும் சக்தி அதன் அமுக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 75-ஐ 45-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் ஏறக்குறைய 2.8 வருகிறது. ஆகவே மில்லிமீட்டருக்கு 2 கிலோவாக இருந்த விறைப்பு 5.6 கிலோ ஆக வேண்டும். வண்டி அப்போது நிமிஷத்துக்குச் சுமார் 140 தடவை ஆடும். அது பந்தய வண்டியின் ஆட்டம். மனைவியோ தாயாரோ பக்கத்தில் உட்கார்ந்து வரச் சம்மதிக்கும் ஆட்டம் அல்ல.

20 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தினால் என்ன? மீதி இடம் 55. விறைப்பு 3.7 ஆனால் போதும். 20-க்கும் 30-க்கும் இடையே பத்தே மில்லிமீட்டர் வித்தியாசம். விறைப்பில் ஏற்படும் வித்தியாசமோ ஒன்றரை மடங்கு. முதல் விரற்கடை மலிவு, இரண்டாவது விரற்கடை கிராக்கி, மூன்றாவதன் விலையைச் சொல்லவே வேண்டாம்.

இந்த விலையைக் கொடுக்காமல் தப்பப் பார்க்கிறவர்களுக்கு என்ன நேரும்? சக்கரம் ஏறும் பாதையின் முடிவில் ரப்பர் போன்ற ஒரு மெத்தை இருக்கிறது. ‘பம்ப் ஸ்டாப்’ என்பார்கள். உலோகத்தோடு உலோகம் மோதாதபடி தடுப்பது அதன் கடமை. சற்றே நீண்ட, மெள்ள மெள்ள விறைக்கும் மெத்தையானால் அது வில்லுக்கு ஒரு நல்ல துணையும் ஆகும். ஆனால் வண்டி அதிகமாகத் தாழ்ந்து வில்லும் மெலிந்திருந்தால், வளைவு தோறும் வெளிப்பக்கச் சக்கரம் அந்த மெத்தையின்மேலேயே போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு ஏறுகிறது. அது முன்சக்கரத்தில் நேர்ந்தால், திருப்பியும் திரும்பாமல் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்சக்கரத்தில் நேர்ந்தால் பின்புறம் வீசிக்கொண்டு சுழலப் பார்க்கும். மழை நாளில் மலைப்பாதை வளைவில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மெத்தையைச் சிறிதளவு குறைத்து இடம் பண்ணிக்கொள்வது உண்டு. அடியோடு எடுத்துவிடுவதோ ஷாக்கைக் கொல்வதற்குச் சமானம்.

வில்லைத் தேர்ந்தெடுத்தல்

முதல் எச்சரிக்கை: இருக்கிற வில்லை அறுக்காதீர்கள். எட்டுச் சுற்றுள்ள வில்லில் ஒரு சுற்றை அறுத்தால் விறைப்பு நூற்றுக்குச் சுமார் 14 பங்கு கூடும். நமக்கு வேண்டியதோ 60 பங்கு அல்லது அதற்கு மேல். மேலும் அறுபட்ட முனை தன் பீடத்தில் ஒழுங்காக உட்காராது. தீயினால் சுட்டு வில்லைத் தளர்த்துகிறவர்களும் உண்டு. அவர்கள் எஃகின் பதத்தையே அழித்துவிடுகிறார்கள். எஃகுக் கம்பியின் தடிப்போ வேறு விதமாக வேலை செய்கிறது. 10 மில்லிமீட்டர் கம்பியை 11 ஆக்கினால் மட்டும் போதும், விறைப்பு நூற்றுக்கு 46 பங்கு ஏறிவிடும். தடிப்பின் நான்காம் படியைப் பொறுத்து விறைப்பு மாறுவதே காரணம். ஆகவே குட்டையாகவும் தடிப்பாகவும் புதிதாகச் சுற்றிய வில்தான் வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை: கடைக்காரர் சொல்லும் எண் வேறு, சக்கரம் உணரும் எண் வேறு. மியாட்டா போன்ற வண்டியில் வில் சக்கரத்தின்மேல் நேராக நிற்பதில்லை. கையின் நடுவே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது வில் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வில்லின் விறைப்பில் ஏறக்குறையப் பாதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். 0.7-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.49 அல்லவா? சக்கரத்தில் 3.2 கிலோ வேண்டுமானால் கடையில் 6.5 கிலோ வில்லைக் கேட்க வேண்டும். ஒரு வண்டிக்குப் பொருந்திய எண் இன்னொரு வண்டிக்குப் பொருந்தாமற் போவதன் இரகசியம் இதுதான். சிநேகிதன் தன் வண்டிக்கு 8 கிலோ வில் போட்டான் என்பதற்காக நாமும் 8 கிலோ போடுவது, அவன் மூக்குக் கண்ணாடியை வாங்கி நாம் மாட்டிக்கொள்வது போன்றது.

மூன்றாவது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பொருத்தம். மேட்டின்மேல் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் சிறிது பொறுத்துத்தான் ஏறுகிறது. மியாட்டாவின் சக்கரங்களுக்கிடையே நீளம் 2,265 மில்லிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்த இடைவெளி ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு. பின்பகுதி சற்று விரைவாக ஆடினால்தான் முன்பகுதியின் ஆட்டத்தோடு வந்து கலந்துகொள்ளும். இல்லாவிட்டால் வண்டி குதிரைப் பொம்மை போல முன்னும் பின்னும் தலையசைக்கும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக் கம்பெனிக்குப் போன மாரிஸ் ஆலி என்ற ஆங்கில எஞ்சினியர், வண்டியின் எடையை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்து 1930-களில் இந்த உண்மையை நிலைநாட்டினார். இன்றைக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கு இதுவே வழி.

நம் உதாரண வண்டியைச் சாலையில் ஓட்டுகிறவர் என்னை அபிப்பிராயம் கேட்டால், 20 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்த வேண்டாம், சக்கரத்தில் சுமார் 3.2 கிலோ விறைப்புப் போதும் என்பேன். நிமிஷத்துக்கு 107 ஆட்டம் வரும். விறைப்பில் குறைகிற சிறு பங்கை நல்ல மெத்தை பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இந்த வில் வண்டியின் பாரத்தில் 78 மில்லிமீட்டர்தான் அமுங்கியிருக்கும். வண்டியைத் தூக்கும்போது சக்கரம் அதற்கு மேலும் கீழே தொங்குமானால் வில் தன் பீடத்தை விட்டுக் கழன்று ஆடும். அதைத் தடுப்பதற்கென்றே மெல்லிய துணைவில் ஒன்றை மேலே வைக்கிறார்கள்.

ஷாக்கைத் தேர்ந்தெடுத்தல்

விறைப்பு 2-லிருந்து 3.2 ஆகும்போது ஷாக்கின் தடையும் நூற்றுக்கு 26 பங்கு கூட வேண்டும். விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத் தடை மாற வேண்டும் என்பது விதி. பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டால் அதன் அடக்கும் திறமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இது புதிய ஷாக்கின் நிலைமை. பல்லாயிரம் மைல் ஓடித் தேய்ந்த ஷாக்கானால் கேட்பானேன்? வண்டி மேட்டில் ஏறி இறங்கி நாலைந்து தடவை ஆடும். ஆடும்போதெல்லாம் டயரின் பிடி ஏறி ஏறி இறங்கும்.

தடை அதிகமானால் நல்லதுதானே என்று எண்ணிவிடவும் கூடாது. ஷாக் அமுங்கும்போது ஒரு தடையும் நீளும்போது வேறொரு தடையும் காட்டுகிறது. நீளும்போது காட்டும் தடை சாதாரணமாக இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். அதை இன்னும் முறுக்கிவிட்டால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுவதும் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. இப்படி வரிசையாக நாலு மேடு வந்தால் வண்டி படிப்படியாக இறங்கி மெத்தையின்மேல் உட்கார்ந்துவிடும். வில் மெலிவு என்று நினைத்து ஓட்டுகிறவர் இன்னும் விறைப்பான வில்லை வாங்குவார். குற்றவாளி ஷாக் என்பது அவருக்குத் தோன்றாது.

ஷாக்குகளில் இருவகை உண்டு. ஒன்று, குழாய்க்குள் குழாய் வைத்த இரட்டைக் குழாய் வகை. இது மலிவு, ஆனால் கடுமையாக வேலை வாங்கினால் எண்ணெயில் காற்றுக் கலந்து நுரைத்துத் தடை குறையலாம். மற்றொன்று ஒற்றைக் குழாய் வகை. எண்ணெயையும் அழுத்தமுள்ள நைட்ரஜன் வாயுவையும் இடையே ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. டி கார்பன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட இந்த முறையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி 1950-களில் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கியது. ஹாலந்தின் கோனி கம்பெனியார் செய்யும் மஞ்சள் நிற ஷாக்கில், நீளும்போது எழும் தடையைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். வில்லுக்குத் தக்கபடி ஷாக்கைச் சரிசெய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இது வசதி.

பெயரைவிட முக்கியமானது நீளம். தாழ்த்திய வண்டியில் பழைய நீளமுள்ள ஷாக்கைப் போட்டால் பிஸ்டன் எப்போதும் குழாயின் அடிப்பகுதியிலேயே வேலை செய்யும். ஒரு நல்ல பள்ளத்தில் அடி தட்டிவிடும். ஆகையால் உடல் குட்டையான ஷாக் வேண்டும். வில்லும் ஷாக்கும் சேர்ந்தே வரும் ‘காயில் ஓவர்’ என்ற ஜதையில் திருகு வளையம் ஒன்றைச் சுற்றி உயரத்தை மாற்றலாம். இவற்றிலும் பேதம் உண்டு. சிலவற்றில் வளையத்தை இறக்கினால் வண்டி தாழும், கூடவே சக்கரம் ஏறும் இடமும் குறையும். வேறு சிலவற்றில் ஷாக்கின் அடிப்பாகமே தனியாகத் திருகிக் குட்டையாகும். ஷாக்கின் பாதை முழுவதும் மிஞ்சும். வாங்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்கிறவன் புத்திசாலி. பழைய மியாட்டாவை வைத்திருப்பவர்களில் சிலர், 1998-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை வண்டியின் மேல்தாங்கிகளை வாங்கிப் பொருத்தியும் சிறிது இடத்தை மீட்டுக்கொள்கிறார்கள்.

எதை முதலில் வாங்குவது?

எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதத்தில் பணம் இருப்பதில்லை. அநேக இளைஞர்கள் இந்த மாதம் வில், தீபாவளி போனஸ் வந்தபின் ஷாக் என்று திட்டம் போடுகிறார்கள். வில் மலிவு, மாட்டிய அன்றே வண்டி அழகாகிவிடும். ஷாக் கிராக்கி, மாட்டினாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இந்த வரிசை மனுஷ சுபாவத்துக்கு ஒத்ததுதான். ஆனால் யந்திரத்தின் சுபாவத்துக்கு நேர் விரோதமானது.

ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் ஷாக்கை வாங்குங்கள். உயரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய வில்லோடு புதிய ஷாக் சேர்ந்தாலே வண்டி பாதிக்குப் பாதி மாறிவிடும். வளைவில் சாய்வது பிடிக்காவிட்டால், இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் சாய்வு தடுக்கும் கம்பியைச் சற்றுத் தடிப்பாகப் போடலாம். இரு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டில் அது குறுக்கே வராது. வண்டி சாயும்போது மட்டும் தடுக்கும். இத்தனைக்குப் பிறகும் தாழ்த்த வேண்டும் என்ற ஆசை இருந்தால், ஷாக்குக்குப் பொருந்திய வில்லை அப்போது வாங்கலாம். பின்னால் தாழ்த்தும் எண்ணம் உண்டென்றால் ஷாக்கை வாங்கும்போதே அதற்கு இடம் கொடுக்கும் குட்டை உடலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

மாட்டும் வேலையிலும் சில நியதிகள் உண்டு. அமுங்கிய வில் உறங்கும் பாம்பு. மில்லிமீட்டருக்கு 4 கிலோ விறைப்புள்ள வில்லை 100 மில்லிமீட்டர் அமுக்கி வைத்தால், 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடும் சக்தி அதனுள் ஒளிந்திருக்கிறது. அமுக்கும் கருவி சரியாக இல்லாமல் அதைத் தொடக் கூடாது. கைகளின் கீல்களிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் புதிய உயரத்தில் சக்கரத்தின்மேல் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். தாழ்ந்த வண்டியில் சக்கரத்தின் சாய்வும் நேர்மையும் மாறிவிடும் என்பதால் வீல் அலைன்மெண்ட் அவசியம்; அதைச் செய்யாவிட்டால் டயரின் ஒரு பக்கம் தேய்ந்து, மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிவிடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. ஜெர்மனியில் வில்லை மாற்றினால் அதற்குரிய பரிசோதனைச் சான்று இருக்க வேண்டும். நம் நாட்டிலும், தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கருவியைக் கையிலெடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம். நம் தெருக்களின் வேகத்தடைகள் வேறு, எந்தச் சட்டத்தையும் விடக் கண்டிப்பாகத் தாழ்ந்த வண்டிகளைத் தண்டிக்கின்றன.

வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைத் தெருவில் போகிறவன் பார்க்கிறான். நான்கு டயர்களும் எப்போதும் தரையைப் பற்றியிருக்கின்றனவா என்பதோ உள்ளே இருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டையும் கருதுகிறவன் முதலில் சக்கரத்துக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறதென்று அளப்பான். அதற்குத் தக்க வில்லையும், வில்லுக்குத் தக்க ஷாக்கையும் தேடுவான். உயரம் அந்தக் கணக்கின் விடையாகத் தானே வரும். அப்படி வந்த உயரம் ஒரு விரற்கடை அதிகமாக இருந்தாலும், அவன் தகப்பனார் நிம்மதியாகத் தூங்கலாம்.